சாடியில் நெரிபடும் லில்லிக் கிழங்கை எப்போது நிலத்தில் இறக்குவது? (திருகோணமலை)

உவர்மலை வளவு | மே 17, காலை 6:20

அம்மா விட்டுப்போனது பதினான்கு சாடி லில்லி. நல்ல சிவப்பு, இதழின் நடுவில் வெள்ளைக் கோடு. கடையில் அமரில்லிஸ் என்கிறார்கள், எங்கள் வீட்டில் அது எப்போதும் வருடப்பிறப்பு லில்லிதான், சித்திரை பிறக்கும்போது சொல்லிவைத்த மாதிரிப் பூக்கும். இந்த முறை பதினான்கில் நான்குதான் பூத்தது. காரணம் பார்த்தாலே தெரிகிறது, பத்து வருடமாக யாரும் சாடி மாற்றவில்லை. இரண்டு சீமெந்துச் சாடி வெடித்துவிட்டது. ஒன்றில் கிழங்குகள் ஏழெட்டாக மேலே ஏறி, காலை பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குகிற சனம் மாதிரி சாடியின் வாய்க்கு வெளியே தோளைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

கேற்றில் இருந்து விறாந்தை வரை நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி அகலத்துக்கு வெறும் நிலம் கிடக்கிறது. அதில் வரிசையாக இறக்கினால் என்ன என்று யோசிக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி, பூ முடிந்ததும் இலையோடு உடனே இறக்கு என்கிறாள். பக்கத்து வீட்டு ஐயா, கச்சான் காற்று அடிக்கிற நேரம் எதையும் அசைக்காதே பிள்ளை என்கிறார். இரண்டு பேரும் தோட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நான் மண்வெட்டி பிடித்தே மூன்று மாதம்தான். யார் சொல்வதைக் கேட்க?

தங்கச்சியும் இங்கே எழுதுகிறவள்தான். வந்து சண்டை பிடிப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ தங்கச்சி | மே 17, இரவு 7:45

வந்துவிட்டேன். அக்கா நான் சொன்னதில் பாதியைத்தான் போட்டிருக்கிறாள்.

இங்கே நான் செய்வது இதுதான். குளிர் முடிகிற நேரம் கடைகளில் டஃபடில், ஹயசிந்த், டியூலிப் எல்லாம் சாடியோடு மலிவாக வரும். வாங்கி வாசலில் வைப்பேன். பூத்து முடிந்ததும் பூத்தண்டை மட்டும் கிள்ளிவிட்டு, இலை பச்சையாக இருக்கும்போதே சாடியைக் கவிழ்த்து, மண்கட்டி உடையாமல் அப்படியே வேலி ஓரப் பாத்தியில் இறக்குவேன். சாடியில் கிழங்கு மேலாகத்தான் இருக்கும், நிலத்தில் ஆழமாகப் போகவேண்டும், கிழங்கு எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. டஃபடிலுக்கும் டியூலிப்புக்கும் ஆறு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு வாரம் இலையைத் தொடமாட்டேன். மஞ்சளாகி, சோர்ந்து, பார்க்க அசிங்கமாகக் கிடக்கும், ஆனால் அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்குச் சமைத்து வைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணி அந்த இலைகளை எல்லாம் சடை பின்னி முடிச்சுப் போடுவார். வடிவுதான், ஆனால் இலையில் வெயில் படாது.

சாடியிலேயே விட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கத்தைய பனியில் சாடி மண் நாலு பக்கமும் உறைந்து வேர் செத்துவிடும். நிலம் மேலிருந்துதான் உறையும், ஆறு அங்குலத்துக்குக் கீழே கிழங்கு தப்பும்.

எல்லாம் ஒன்று போல வராது என்பதையும் சொல்லவேண்டும். டஃபடில் ஒருமுறை இறக்கினால் வருடா வருடம் பெருகும். டியூலிப்பின் தாய்க்கிழங்கு ஒவ்வொரு வருடமும் கரைந்து முடிந்து, அதன் இடத்தில் புதுக்கிழங்கு வரும். சாடியில் பட்டினி கிடந்தது என்றால் ஒரு பெரிய கிழங்குக்குப் பதில் நான்கு சின்னது வரும், நான்கும் பூக்காது, வெறும் இலை. ஒட்டாவாவில் ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிற அந்த டியூலிப் கடல்கூட முந்தின இலையுதிர் காலத்தில் புதிதாக நட்டதுதான். (போர்க்காலத்தில் நெதர்லாந்து இளவரசிக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு நன்றியாக 1945இல் அவர்கள் ஒரு லட்சம் கிழங்கு அனுப்பிய கதை.) அணில் வேறு டியூலிப்பைத் தோண்டித் தின்னும். டஃபடில் நஞ்சு, அதைத் தொடாது.

ஆகவே அக்கா, இலை பச்சையாக இருக்கும்போது இறக்கு. இலை போனால் கிழங்கு எங்கே என்றே தெரியாமல் மண்வெட்டியால் கொத்துவாய்.

கன்னியா செம்மண் | மே 18, காலை 5:50

தங்கச்சி சொன்னது ரொறன்ரோவுக்கு அப்படியே சரி. ஆனால் அங்கே பூ முடிந்த பிறகு வருவது இளவெயிலும் இடைக்கிடை மழையும். இங்கே பூ முடிந்த பிறகு வருவது கச்சான். ஆவணி வரைக்கும் மேற்கில் இருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி அடிக்கும். புதிதாக இறக்கிய செடிக்கு வேர் பிடிக்க ஈரம் எங்கே? எங்கள் பக்கம் செம்மண், வைகாசி பிறந்தால் அலவாங்கு போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். உங்கள் பக்கத்து வீட்டு ஐயா விஷயம் தெரிந்தவர்.

நிலாவெளி மணல் | மே 18, காலை 9:10

நான் இதைச் செய்து கெட்டவன், அதனால் சொல்கிறேன். போன வருடம் மே மாதக் கடைசியில் ஆறு சாடி லில்லியைக் கடற்கரைப் பக்க வேலி ஓரம் இறக்கினேன். காலை மாலை வாளியால் தண்ணி ஊற்றினேன். எங்கள் மணலில் ஊற்றிய தண்ணி நான் வாளியைக் கீழே வைக்கும் முன்பே போய்விடும். மூன்றாம் வாரம் ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் வேர் எல்லாம் வெந்த மாதிரி, தோலைத் தொட்டால் உரிந்து நார் மட்டும் மிச்சம். இரண்டு தப்பியது, அதுவும் இந்தச் சித்திரைக்குப் பூக்கவில்லை.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் லில்லிதான் வேண்டும் என்று நின்றால் விஷமூங்கில் வையுங்கள். கடற்கரையில் தானாகவே வளர்கிற சாதி, உப்புக்காற்று அதற்கு ஒன்றும் செய்யாது. வெள்ளைப்பூ, இரவில் நல்ல வாசம்.

உவர்மலை வளவு | மே 18, காலை 9:30

நன்றி அண்ணா. என் இடம் மேட்டு நிலம், கிரவலும் கல்லும்தான். உப்புப் பிரச்சினை இல்லை. மான் பிரச்சினை உண்டு!

பழைய போதனாசிரியர் | மே 18, மாலை 4:15

முப்பத்தொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வெடுத்தவன். பெரும்பாலும் நெல்லும் வெங்காயமும்தான், பூ எனக்குப் பிற்காலத்தில் பிடித்த பைத்தியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். தங்கச்சி சொல்கிற டஃபடிலும் டியூலிப்பும் குளிரைக் கண்டு விழிக்கிற கிழங்குகள். நீங்கள் வைத்திருப்பது தென்னமெரிக்காவில் இருந்து வந்தது, சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம், அமரில்லிஸ் என்பது வாய்ப்பழக்கம், உண்மையான அமரில்லிஸ் தென்னாபிரிக்காச் செடி. உங்களுடையது குளிரைக் கணக்கில் எடுக்காது. காய்ச்சலையும் ஈரத்தையும்தான் கணக்கில் எடுக்கும். இரண்டு மூன்று மாதம் காய்ந்து கிடந்து பிறகு ஈரம் கண்டால் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது, ஏன் நான்குதான் பூத்தது. கிழங்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும், எல்லாம் பழைய இலைகளின் அடிப்பாகம். ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூமொட்டு என்ற கணக்கில் உள்ளே உருவாகும். அந்த மொட்டு வெளியே வர ஒரு வருடம்போல எடுக்கும். அதாவது அடுத்த சித்திரைக்குப் பூக்கப்போவது இப்போதே உள்ளே இருக்கிறது அல்லது இல்லை. சாடி நெருக்கத்தில் இலை குறைந்தால் மொட்டும் குறையும். ஓரளவு நெருக்கம் இந்தச் சாதிக்குப் பிடிக்கும்தான், ஆனால் நீங்கள் சொல்வது நெருக்கம் இல்லை, அகதி முகாம்.

மூன்றாவதுதான் முக்கியம். டியூலிப்பின் வேர் வருடா வருடம் செத்துப் புதிதாக வரும். இதன் வேர் தடித்தது, சதைப்பிடிப்பானது, வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அறுத்தால் அது அந்த வேரை மீட்கத்தான் முதலில் செலவழிக்கும், பூவுக்கு மிச்சம் இருக்காது. ஆகவே தங்கச்சி சொன்ன 'மண்கட்டி உடையாமல்' என்பது இந்த லில்லிக்குத்தான் இன்னும் கட்டாயம். அந்த ஒரு வரியை மட்டும் கனடாவில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மாதத்தை அங்கேயே விடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் திருகோணமலைக்கு வருடம் சுமார் 1600 மில்லிமீற்றர் மழை, அதில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். புரட்டாதி நடுவில் முதல் இரண்டு மூன்று மழை பெய்து மண் இளகியதும் இறக்கினால், கார்த்திகை அடைமழைக்கு முன் வேர் பிடிக்க ஐந்தாறு வாரம் கிடைக்கும். அதுவரை சாடியைப் பிற்பகல் வெயில் படாத பக்கம் வையுங்கள், இப்போது இலை பச்சையாக இருக்கும்வரை கூட்டெரு கரைத்து ஊற்றுங்கள், ஆடியில் தண்ணியைக் குறைத்து இலை தானாகக் காய விடுங்கள். அசைக்கவேண்டாம்.

ஆழம்: தங்கச்சியின் ஆறு அங்குலக் கணக்கில் இதைப் புதைத்தால் மார்கழிக்குள் அழுகல் மணம் வரும். கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்கும் மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும். பாத்தியை எட்டு அங்குலமாவது உயர்த்துங்கள். மகாவலி ஆற்று மணல், உமிக்கரி, நன்றாக மக்கின மாட்டெரு, உங்கள் மண், எல்லாம் சம பங்கு. கடல் மணலைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

ரொறன்ரோ தங்கச்சி | மே 18, இரவு 8:05

சரி ஐயா, மாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இங்கே இந்த லில்லியை நத்தாருக்கு அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்கள், சன்னல் ஓரச் சாடிப்பூ, உறைபனி பட்டால் அன்றைக்கே முடிந்தது. வெளியில் இறக்கிப் பார்க்க எனக்கு வாய்ப்பே இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

நிலாவெளி மணல் | மே 19, காலை 7:00

ஐயாவோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். மூன்றில் ஒரு பங்கு வெளியே என்பது உங்கள் கிரவலுக்குச் சரியாக இருக்கலாம். மணலில் அப்படி வைத்தால் வெயில் கழுத்தைச் சுட்டுவிடும். தப்பிய இரண்டும் நான் கழுத்து வரை மூடியவை. மற்ற நான்கும் தோள் தெரிய வைத்தவை.

பழைய போதனாசிரியர் | மே 19, காலை 7:40

ஒப்புக்கொள்கிறேன். மணலில் தண்ணி நிற்காது, அழுகும் பயம் குறைவு, கழுத்து வரை மூடலாம். களியிலும் கிரவலிலும் மூடாதீர்கள். வைக்கோலோ காய்ந்த வாழைச் சருகோ சுற்றிப் போட்டால் இரண்டு இடத்திலும் வேலை செய்யும், கழுத்தை மட்டும் முட்டாமல்.

கிண்ணியா ரீச்சர் | மே 19, மதியம் 1:25

ஒரு எச்சரிக்கை. சாடி மாற்றும் நாளில் கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் ராத்தா கழுவின கிழங்குகளைச் சுளகில் பரப்பிக் குசினித் திண்ணையில் காயவைத்துவிட்டுத் தொழப் போய்விட்டார். மருமகள் பம்பாய் வெங்காயம் என்று ஒன்றை எடுத்து உரித்தே விட்டாள். கையில் வழுவழுப்பும் கசப்பு மணமும் வந்ததால் நிறுத்தினாள், இல்லாவிட்டால் அன்று மாலை எல்லோரும் வாந்தியோடு ஆசுபத்திரியில்தான். இதிலும் டஃபடிலிலும் இருப்பது ஒரே நஞ்சு, லைகோரின். கார்த்திகைப்பூக் கிழங்கு இதைவிடப் பொல்லாதது, உயிரையே எடுக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நடைபாதை ஓரம் வைப்பதையே யோசிக்கவேண்டும்.

கன்னியா செம்மண் | மே 19, மதியம் 2:00

அந்த நஞ்சுதான் உவர்மலை அக்காவுக்கு லாபம். மான் பிரச்சினை என்றாரே. மான் பசித்தாலும் லில்லியை மோந்து பார்த்துவிட்டுப் போகும்.

உவர்மலை வளவு | மே 19, மாலை 6:10

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், இது பகிடி இல்லை. திருகோணமலையில் மான் காட்டில் இல்லை, ஊருக்குள்தான். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிற புள்ளிமான்களைப் படம் எடுக்காத யாத்திரிகர் இல்லை, றோட்டோரக் குப்பையைக்கூடக் கிளறும். கேற் திறந்து கிடந்தால் உள்ளே வந்துவிடும். என் செவ்வரத்தையை மொட்டையாக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? லில்லிச் சாடிகளை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. இப்போதுதான் காரணம் புரிகிறது.

சரி, புரட்டாதி வரை பொறுக்கிறேன். இடையில் இன்னொரு கேள்வி. தங்கச்சி போன முறை வரும்போது பத்து டியூலிப் கிழங்கு கொண்டுவந்து தந்தாள். மூன்று மாதம் பிறிட்ஜில் வைத்து எடுத்து நட்டேன். ஆறில் வெறும் இலைதான் வந்தது, இரண்டு மட்டும் இலைக்குள்ளேயே மொட்டு கட்டி, கடதாசி மாதிரிக் காய்ந்து போனது. ஏன்?

பழைய போதனாசிரியர் | மே 19, இரவு 8:30

பிறிட்ஜில் மரக்கறித் தட்டில் வைத்தீர்களா? கூட என்ன இருந்தது?

உவர்மலை வளவு | மே 19, இரவு 8:34

ஆப்பிளும் மாம்பழமும்…

பழைய போதனாசிரியர் | மே 19, இரவு 8:50

அங்கேதான் முதல் அடி. பழுக்கிற பழம் எத்திலீன் வாயு விடும், அது கிழங்குக்குள் இருக்கிற மொட்டைக் கொல்லும். அது தப்பினாலும் வெளியே இருப்பது நம்முடைய சூடு. டியூலிப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் குளிர் வேண்டும், அதற்குப் பிறகும் இலையும் தண்டும் நீளும்போது இதமான காலநிலை வேண்டும். தையில்கூட இங்கே இரவு 24 பாகையை ஒட்டித்தான் இருக்கும். தண்டு நீளமுன் மொட்டு வெந்துவிடும். நுவரெலியாவில், 1868 மீற்றர் உயரத்தில்கூட, இரவுக் குளிர் உண்டே தவிர பகல் இருபதைத் தொடும், அங்கேயும் அது சுலபம் இல்லை. டியூலிப்பைத் தங்கச்சி வீட்டிலேயே பாருங்கள்.

இன்னொன்று, கோபிக்கவேண்டாம். மண்ணோடும் கிழங்கோடும் பயணப்பெட்டியில் வருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண். அனுமதியும் அந்த நாட்டின் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். ஒரு பைக் கிழங்கோடு ஒரு பை நோயும் வரும்.

ரொறன்ரோ தங்கச்சி | மே 20, காலை 6:15

மன்னிக்கவும். இனிப் படம் மட்டும் அனுப்புகிறேன்.

உவர்மலை வளவு | செப்டெம்பர் 28, மாலை 5:30

மூன்று நாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. நேற்றும் இன்றுமாக இறக்கினேன், பதினான்கும்.

முதல் சாடியைக் கவிழ்த்துத் தட்டினேன், அசையவே இல்லை. சுற்றிக் கத்தி விட்டேன். அப்போதும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஐயா சுத்தியலோடு வந்து சாடியை நாலு துண்டாக உடைத்தார். உள்ளே மண் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் வேர். வெள்ளையாக, விரல் மொத்தத்தில் பாதி, சாடியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி, இடியப்பத் தட்டில் இருந்து எடுத்த மாதிரி. அடியில் தண்ணி போகிற ஓட்டையின் மேல் அம்மா கவிழ்த்து வைத்த சிரட்டைத் துண்டு, உக்காமல் அப்படியே இருந்தது, அதன் கண்ணுக்குள்ளால் ஒரு வேர் போய் வெளியே வந்திருந்தது. சிரட்டையை எடுக்க அந்த வேரை அறுக்கவேண்டும். அறுக்கவில்லை, சிரட்டையோடேயே இறக்கிவிட்டேன்.

இரண்டாவது சாடியில் எறும்புப் புற்று. அதை விவரிக்கமாட்டேன். கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

போதனாசிரியர் ஐயா சொன்னபடி மேடு எட்டு அங்குலம், ஒன்றுக்கொன்று ஓரடி இடைவெளி, தோள் தெரிய வைத்தேன். பிறகுதான் எனக்கும் பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் தகராறு. ஒரு சாடிக்குள் ஆறு ஏழு கிழங்கு, சிலதில் எலுமிச்சங்காய் அளவு குட்டிகள். எல்லாவற்றையும் பிரித்து நடு, இல்லாவிட்டால் நிலத்திலும் அதே நெருக்கம்தான் என்றார் அவர். மண்கட்டி உடையக்கூடாது என்று இங்கே படித்ததை நான் சொன்னேன். கடைசியில் பாகப்பிரிவினை மாதிரி வலப்பக்கம் ஏழு சாடி முழுதாக, இடப்பக்கம் ஏழு சாடி பிரித்து. பிரித்ததில் மொத்தம் நாற்பத்தொரு கிழங்கு வந்தது. இடம் போதாமல் கிணற்றடிக்கும் போட்டேன்.

கன்னியா செம்மண் | செப்டெம்பர் 28, இரவு 7:00

நல்ல வேலை. இரண்டு வழியையும் பார்த்துவிடலாம். வெட்டுப்பட்ட இடத்துக்குச் சாம்பல் தடவினீர்களா?

உவர்மலை வளவு | செப்டெம்பர் 28, இரவு 7:20

தடவி ஒரு நாள் நிழலில் காயவிட்டுத்தான் நட்டேன். குசினித் திண்ணையில் இல்லை ரீச்சர், விறாந்தையில்!

உவர்மலை வளவு | டிசம்பர் 9, காலை 8:00

நல்ல செய்தி இல்லை. போன கிழமை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. றோட்டு மேட்டில் இருந்து வந்த வெள்ளம் கேற்றுக்குக் கீழால் நுழைந்து முதல் இரண்டு மேட்டையும் கரைத்துவிட்டது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கிழங்கை அமுக்கினால் பழுத்த கொய்யா மாதிரி உள்ளே போகிறது, மணம் சொல்லவேண்டியதில்லை. இடப்பக்கத்து மேட்டில் மூன்று, வலப்பக்கத்து மேட்டில் மொத்தமும் போய்விட்டது.

மற்றவற்றில் சிலதின் இலையில் சிவப்புக் கீறல்கள். அதோடு புழு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி, கூட்டமாக இலை நுனியில் தொடங்கிக் கீழே இறங்குகிறது.

பழைய போதனாசிரியர் | டிசம்பர் 9, காலை 10:30

சிவப்புக் கீறல் பூஞ்சணம். மழைக்காலத்தில் இந்தச் சாதிக்கு வருகிற வழக்கமான வியாதி. அந்த இலையை அடியோடு வெட்டி எரியுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள், இலைமேல் தண்ணி ஊற்றாதீர்கள். புழுவுக்கு மருந்து தேடி ஓடவேண்டாம். சவர்க்காரத் தண்ணி வாளி ஒன்றை வைத்துக்கொண்டு விடியற்காலையில் கையால் பொறுக்கிப் போடுங்கள், இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கழுத்துக்குள் இறங்கவிட்டால் கிழங்கையே குடைந்துவிடும்.

கேற் பக்கம் இரண்டு மேட்டையும் இந்த மாரி முடியும்வரை திரும்பக் கட்டவேண்டாம். வெள்ளத்துக்கு முதலில் ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுங்கள். நானும் உங்கள் நிலத்தின் சாய்வைக் கேட்காமல் எட்டு அங்குலம் என்று சொல்லிவிட்டேன்.

நிலாவெளி மணல் | டிசம்பர் 9, மதியம் 12:15

எங்கள் பக்கம் இதே மழைக்கு என் தப்பிய இரண்டும் ஜம்மென்று நிற்கின்றன. மணலைத் திட்டினதற்கு மன்னிப்பு.

உவர்மலை வளவு | ஏப்ரல் 19, காலை 6:45

கணக்கு கேட்டவர்களுக்கு. வலப்பக்கம், முழுதாக இறக்கியது, ஆறு மிச்சம். அதில் ஐந்து பூத்தது, ஒரு மேட்டில் மூன்று தண்டு, தண்டுக்கு நாலு பூ. இடப்பக்கம் பிரித்து நட்டதில் மிச்சம் முப்பத்தெட்டு, பூத்தது இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் இலை. இலை நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டு ஐயா இன்னும் இரண்டு வருடம் போகட்டும் அப்போது கதைப்போம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஆனால் வருடப்பிறப்பன்று வலப்பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்தார்.

இன்னொரு விஷயம். வலப்பக்க ஐந்தாவது மேடு சிவப்பு இல்லை. செம்மஞ்சள், சின்னப் பூ, தொண்டையில் பச்சை. அந்தச் சாடி எனக்குத் தெரிந்து ஒருநாளும் பூத்ததில்லை. அம்மா எங்கே எடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ரொறன்ரோ தங்கச்சி | ஏப்ரல் 19, காலை 7:10

எனக்குத் தெரியும். அது அம்மா எடுத்ததில்லை. நான் ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத் தோட்டத்தில் இருந்து கிளப்பிச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. அம்மாவிடம் ரீச்சர் தந்தார் என்று சொன்னேன்.

கிண்ணியா ரீச்சர் | ஏப்ரல் 19, காலை 7:25

எந்தப் பள்ளிக்கூடம் தங்கச்சி?

ரொறன்ரோ தங்கச்சி | ஏப்ரல் 19, காலை 7:26

சொல்லமாட்டேன் ரீச்சர்.

உவர்மலை வளவு | ஏப்ரல் 19, காலை 7:40

அந்த மேட்டில் குட்டி மூன்று இருக்கிறது. ஆடியில் இலை காயட்டும், புரட்டாதியில் ஒன்றைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.